ரஸ்டிகேட் என்ற சொல்

அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்திருந்தால் என் மனைவி பிரித்திருப்பாள். மகளைச் சென்னையில் கல்லூரியில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் என் அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தேன். அதனால் பதிவுத் தபாலில் நேராக என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

போர்ட் பிளேரில், தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் அலுவலகத்தில் நான் எழுத்தர். அன்று கவுண்டரில் நல்ல கூட்டம். நின்றபடியே கடிதத்தைப் படித்தேன். செமஸ்டர் தேர்வு அறைக்குள் செல்போன் வைத்திருந்ததற்காக என் மகள் ஓராண்டு காலத்துக்கு ‘ரஸ்டிகேட்’ செய்யப்படுகிறாள் என்று இருந்தது. இரண்டாம் முறை படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். யாருக்கு எந்தத் தீவுக்குக் கொடுத்தேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. கல்லூரியில் தப்புச் செய்தவர்களை வெளியே அனுப்புவதற்குச் சொல்வது என்ற அளவில் தெரியும். ஆனால் ஒரேயடியாக விரட்டிவிட்டார்களா, திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் விளங்கவில்லை. எங்கள் தலைமை எழுத்தர் ஒரு வங்காளி. எல்லோரும் அவரைப் படா பாபு என்போம். கல்கத்தாவில் ஆங்கில இலக்கியம் படித்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் போய், தெரிந்தவர் ஒருவரின் பையனுக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று பொய் சொல்லி அர்த்தம் கேட்டேன்.

அவருக்குச் சொற்கள் என்றால் உயிர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இந்தியில் ஆரம்பித்தார். லத்தீனில் ‘ரூஸ்’ என்றால் நாட்டுப்புறம், வயலும் தோட்டமுமாக இருக்கிற இடம். ரூரல், ரஸ்டிக் எல்லாம் அதே வேரிலிருந்து வந்தவை. ரஸ்டிகேட் என்றால் முதலில் நாட்டுப்புறத்தில் போய்த் தங்கியிருப்பது. பட்டணத்துச் சலிப்புத் தீர பணக்காரர்கள் அப்படிப் போய் இருந்துவிட்டு வருவார்களாம். பிறகு இங்கிலாந்துக் கல்லூரிகளில், தப்புச் செய்த மாணவனைக் கொஞ்ச காலத்துக்கு அவன் ஊருக்கே அனுப்பி வைப்பதற்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டார்கள்.

“காவ் பேஜ் தோ. ஊருக்கு அனுப்பிடு. அவ்வளவுதான் அர்த்தம்” என்றார். “பையன் திரும்பப் போகலாம், பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. அப்படிப் பார்த்தா இந்தத் தீவுல இருக்கிற நாம எல்லாருமே ரஸ்டிகேட் ஆனவங்கதானே?”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஊருக்கு அனுப்பிடு என்ற அந்த வார்த்தை என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது யாரோ எனக்குப் போட்ட உத்தரவு போலவே இருந்தது. என் தங்கை வடகோடியில், திக்லிபூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே பாக்குத் தோட்டமும் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. அன்று மாலை ஆபீசை விட்டு இறங்குவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் நிலைமை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு அப்போது இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஓர் ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருப்பது போல அதிரும். மகளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி மறைத்திருந்தோம். வீடியோ காலில் பேசும்போதெல்லாம் என் மனைவி முந்தானையை இடது கைமேல் போட்டுக்கொள்வாள். மகள் தேர்வு எழுதிய அந்த நவம்பரில் என் மனைவி மூச்சுத் திணறி மூன்று நாள் ஐசியூவில் கிடந்தாள். அதையும் மறைத்தோம். ‘அம்மாவுக்குச் சளி, தொண்டை கட்டியிருக்கு’ என்று மகளிடம் சொன்னேன்.

இப்போது இந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றை மறைக்க வேண்டியதாகிவிட்டது. மகள் காப்பியடித்து மாட்டிக்கொண்டாள் என்று தெரிந்தால் என் மனைவி தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம் வேறு. நாங்கள் குடியிருக்கும் பத்துபஸ்தியில் எங்கள் தெருவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மெயின்லேண்டுக்குப் படிக்கப் போன பெண் பாதியில் ஏன் வந்துவிட்டாள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் நான் அஞ்சினேன்.

மகளுக்குப் போன் செய்தேன்.

“அப்பா, நான் சொல்றத ஒரு நிமிஷம்...”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். லெட்டர் வந்துருச்சு. டிக்கெட் அனுப்புறேன், கெளம்பி வா. அம்மாவுக்குப் போன் பண்ணி உளறிக் கொட்டாத.”

“அம்மா எப்படிப்பா இருக்காங்க?”

“நல்லாத்தான் இருக்கா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிசம்பரில் ஒரு நாள் காலை விமானத்தில் வந்து இறங்கினாள். விமான நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது. நடந்தே போய்விடலாம். வெளியே வந்தவள் பெட்டியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகவே திரும்பி நின்றாள். நான் ஆட்டோக்காரனிடம் கப்பல் ஏறும் ஜெட்டிக்குப் போகச் சொன்னேன்.

“வீட்டுக்குப் போகலையாப்பா?”

“சாயங்காலம் திக்லிபூர் கப்பல். அத்தை வீட்டுல ஒரு வருஷம் இரு.”

ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய் டீக்கடை வைத்திருக்கிறார். கீழக்கரைக்காரர், எனக்கு வெகுநாள் பழக்கம். பதினோரு மணியிலிருந்து நான்கு மணிவரை அப்பாவும் மகளும் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பாய் வடையை ஒரு தட்டில் வைத்துவிட்டு, “மகளா? லீவா?” என்று கேட்டார். “ஆமா பாய், லீவு” என்றேன். அவள் வடையைத் தொடவில்லை. இளைத்திருந்தாள். விமானத்தில் சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்கவில்லை.

மூன்று மணி இருக்கும்.

“அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்பா. அஞ்சே நிமிஷம். எதுவும் பேசமாட்டேன்.”

“வேண்டாம்.”

“அப்பா, அந்தப் போன் எதுக்குன்னா...”

“எதுக்கா இருந்தா என்ன? உள்ள எடுத்துட்டுப் போனியா இல்லையா?”

“போனேன்.”

“அப்புறம் என்ன பேச்சு? அம்மா நல்லா இருக்கா. உன்ன இந்தக் கோலத்துல பாத்தாத்தான் செத்துப்போவா.”

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையும் இல்லை. அது என்ன பார்வை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கப்பலில் ஏறும்போது பெட்டியை நான் தூக்கப் போனேன். “குடுங்கப்பா” என்று வாங்கிக்கொண்டு ஏறிப் போனாள். மேல்தளத்தில் வந்து நிற்பாள், கை காட்டுவாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.

தங்கை வாரம் ஒருமுறை போன் செய்வாள்.

“அண்ணே, இந்தப் புள்ள விடியறதுக்குள்ள எந்திரிச்சு கதிர் அறுக்க வயலுக்கு வருது. யாரும் கூப்பிடல. வேண்டாம்னாலும் கேக்கமாட்டேங்குது.”

“சாப்பிடுதா?”

“சாப்பிடுது. பேசத்தான் மாட்டேங்குது. அண்ணிய ஒரு தடவ பாத்துட்டு வரட்டுமேண்ணே. நீங்களே டிக்கெட் போடுற எடத்துல இருக்கீங்க.”

“பாக்கலாம்” என்பேன். அறுவடை முடிந்தது, பாக்கு உரிப்பும் முடிந்தது. நான் பாக்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அம்மாவிடம் பேசுவாள். திக்லிபூரில் வீடியோ எடுக்காது, வெறும் பேச்சுத்தான். ஹாஸ்டலில் நெட் சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருமுறை பின்னால் சேவல் கூவியது. “என்னடி, ஹாஸ்டல்ல சேவல் வளக்குறாங்களா?” என்று என் மனைவி கேட்டாள். மகள் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

மே மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு, பேசி முடித்து போனை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பிறகு, “ஏங்க, அவ திக்லிபூர்லதான இருக்கா?” என்றாள்.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன்.

“டீவியில மெட்ராஸ்ல வெயில் கொளுத்துதுன்னு சொல்றான். இவ பேசுறப்ப தகரத்துல மழ கொட்டுது. கல்யாணமான புதுசுல மூணு வருஷம் அந்தத் தகரத்துக்கு அடியில இருந்தவதானங்க நான்? உங்களுக்கு அங்க டூட்டி போட்டிருந்தப்ப?”

“அது வந்து...”

“என்ன தப்புப் பண்ணுனான்னு நான் கேக்கல. நீங்களும் சொல்ல வேண்டாம். கூட்டிட்டு வந்துருங்க. எனக்கு அவளப் பாக்கணும்.”

“வர்ற ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் போடுறேன்” என்றேன். மறுநாளே போட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை கப்பல் இருந்தது, இடமும் இருந்தது. அந்த டிக்கெட்டைப் போட வேண்டியவன் நானேதான். வந்ததும் தெருவில் என்ன சொல்வது என்று யோசிக்க எனக்கு ஒரு வாரம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஞாயிறு என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ரத்த அழுத்தம் விழுந்து நினைவு தப்பிவிட்டது. டாக்டர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. மத்தியானம் ஒரு டாக்டர் என் தோளைத் தொட்டு, “பிள்ளைகள் யாராவது வெளியே இருந்தால் வரச் சொல்லுங்கள்” என்றார். கடல் கொந்தளிப்பில் அன்று கப்பல்கள் எதுவும் ஓடவில்லை. மகளுக்குப் போன் செய்து, பஸ்ஸில் கிளம்பி வா என்றேன். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. “வர்றேன்” என்றாள். அன்றைய பஸ் போய்விட்டிருந்தது. மறுநாள் விடிகாலை பஸ்ஸில் ஏறினாள்.

திக்லிபூரிலிருந்து தெற்கே வரும் சாலை கடைசியில் ஜாரவா பழங்குடிகளின் காட்டைக் கடந்து வர வேண்டும். அங்கே வண்டிகள் தனித்தனியாகப் போக முடியாது. குறித்த நேரத்தில், வரிசையாக, போலீஸ் துணையோடுதான் விடுவார்கள். வழியில் மழைக்கு ஒரு மரம் சாய்ந்து கிடந்ததால் அவள் வந்த பஸ் காட்டுக்கு முன்னால் இருக்கும் பாராடாங்கில் கடைசி வரிசையைத் தவறவிட்டது. அவள் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் மனைவி போய்விட்டாள். மகளுக்குச் சொல்ல எத்தனை முறையோ முயன்றேன். லைன் கிடைக்கவில்லை. கிடைக்காததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் அவள் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளையும் நின்றவர்களையும் பார்த்ததும் நடையை நிறுத்தினாள். பிறகு ஓடாமல், மெதுவாக நடந்து உள்ளே வந்தாள். அம்மாவின் தலைமாட்டில் உட்காருவாள் என்று பெண்கள் இடம் விட்டார்கள். அவள் இடப் பக்கமாகப் போய் உட்கார்ந்து, போர்த்தியிருந்த சேலையை விலக்கி, அம்மாவின் இடது கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே, ஊசி ஊசியாகக் குத்திப் புடைத்திருந்த அந்த இடத்தில் சரியாக உள்ளங்கையை வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

“கைய வச்சா அதிரும்னாங்களேப்பா” என்றாள்.

அந்தக் கையைப் பற்றி நாங்கள் அவளிடம் சொன்னதே இல்லை. அப்போது அவளிடம் எதையும் கேட்க முடியவில்லை.

நான்காம் நாள் எதிர்வீட்டுத் தெலுங்கு ஆண்ட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டயாலிசிஸுக்கு நான் போக முடியாத நாட்களில் என் மனைவியை அழைத்துப்போனவர் அவர்தான். அழுதுகொண்டே, “பாய்சாப், என்னை மன்னிச்சிருங்க. உங்க பேட்டிக்கு, உங்க பொண்ணுக்கு, சொன்னது நான்தான்” என்றார். வீடியோவில் அம்மா ஏன் இடது கையைக் காட்டுவதே இல்லை என்று மகள் ஆகஸ்டிலேயே அவரிடம் கேட்டுத் துளைத்திருக்கிறாள். அவரால் பொய் சொல்ல முடியவில்லை. ஐசியூவில் சேர்த்த விஷயத்தையும் அவர்தான் சொல்லியிருக்கிறார்.

தன் செல்போனைத் திறந்து என்னிடம் கொடுத்தார். தேர்வுக்கு முந்தின நாள் மகள் எழுதியிருந்தாள்: ‘ஆண்ட்டி, ஹாலுக்குள்ள போன் வச்சிருப்பேன். என்ன ஆனாலும் மெசேஜ் போடுங்க.’ மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு ஆண்ட்டியின் பதில்: ‘மம்மி கண் திறந்துட்டாங்க. பயப்படாதே.’ அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளைப் பிடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே, அன்றிரவு அவள் எழுதியது: ‘வீட்டுல யாருக்கும் சொல்லாதீங்க ஆண்ட்டி. தன்னாலதான் என் படிப்பு போச்சுன்னு அம்மா நினைச்சா தாங்கமாட்டாங்க.’

நான் அந்தப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். பிறகு மகளிடம் போய், “ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்றேன்.

“சொல்ல வந்தேன்பா. ரெண்டு தடவ” என்றாள்.

கல்லூரியில் சொன்னாளா என்று கேட்டேன். சொன்னாளாம். பாவம் என்றுதான் அவர்களும் நினைத்தார்களாம். ஆனால் போன் உள்ளே வந்தால் விதி ஒன்றுதான் என்றார்களாம். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்கு ஒரு விதி இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் பெட்டியை எடுத்து வைத்தாள். “இங்கயே இரும்மா” என்றேன். “அத்தை வீட்டுக்குப் போறேன்” என்றாள். நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.

படா பாபு அன்று சொன்ன பழைய பொருளைப் பிறகு நான் அகராதியில் தேடிப் பார்த்தேன். நாட்டுப்புறத்தில் அமைதியாக வாழ்வது என்று முதல் பொருளாகப் போட்டிருந்தது. கல்லூரித் தண்டனை அதற்குக் கீழேதான் இருந்தது. ‘கொஞ்ச காலத்துக்கு’ என்றும் இருந்தது. என் மகளை வீட்டுக்கு வராதே என்று அந்தச் சொல் எங்கேயும் சொல்லவில்லை. அந்த அர்த்தத்தை அதில் சேர்த்தவன் நான்.

ஓராண்டு முடிந்து, திரும்பச் சேரலாம் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பிப்ரவரியில் திக்லிபூர் போனேன். மகள் கறுத்து, உடம்பு தேறியிருந்தாள். “வாங்கப்பா” என்றாள். சோறு போட்டாள். மீன் குழம்பு அவள் அம்மா வைப்பது போலவே இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கடிதத்தைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்து மடித்தாள்.

“படிக்கமாட்டேன்னு சொல்லலப்பா. தபால்ல படிக்கப் பணம் கட்டிட்டேன், அத்தைதான் குடுத்தாங்க. அந்த ஹால்ல போய் மறுபடி உக்கார முடியாது.”

“சரிம்மா. வீட்டுக்காவது வந்து இரேன். நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

“இப்ப வேண்டாம்பா.”

வீட்டுக்கு முன்னால் முற்றம் நிறைய பாக்கு காயப் போட்டிருந்தார்கள். அவள் போய்க் குனிந்து அதைக் கிளறிவிட ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். வரும் வழியெல்லாம் எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன்.

“அன்னைக்கு நான் உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்மா” என்றேன்.

“ஆமா” என்றாள்.

பரவாயில்லை என்று சொல்லவில்லை. விடுங்கப்பா என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் இன்னும் நொந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

மேற்கே மேகம் திரண்டு, மாசி மாதத்தில் வரக்கூடாத மழை ஒன்று தூறத் தொடங்கியது. அவள் உள்ளே ஓடித் தார்ப்பாயை எடுத்து வந்து ஒரு பக்கத்தை உதறி விரித்தாள். “அந்த மூலையப் பிடிங்கப்பா” என்றாள். நான் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஓரங்களுக்குக் கல் எடுத்து வைத்தோம். தங்கை திண்ணையிலிருந்து ஒரு சத்தம் போட்டு எங்களை உள்ளே வரச் சொன்னாள். இன்னும் இரண்டு கல் வைக்க வேண்டியிருந்தது, வைத்துவிட்டுப் போனோம்.